ஒரு பாடத்துக்குப் பதினாறு நிமிடம்

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் என் மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். ஆசிரியர்கள் நல்லவர்கள்தான். ஆனால் எதைக் கேட்டாலும் "கொள்கை அப்படி, நாங்கள் என்ன செய்வது" என்று சலித்துக்கொள்கிறார்கள். நல்ல சம்பளம், பணிப் பாதுகாப்பு, விடுமுறை எல்லாம் இருந்தும் எதைத்தான் குறை சொல்கிறார்கள்? அந்தக் குறைகளில் உண்மை எவ்வளவு?

பதில்:

நீங்கள் கேட்பதில் தவறில்லை. பெற்றோர் இப்படிக் கேட்காமல் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விடுவதுதான் எங்களுக்குப் பெரிய இழப்பு. நான் 1999இல் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின்படி இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தவன். இதுவரை வேலை பார்த்த நான்கு பள்ளிகளில் மூன்று ஈராசிரியர் பள்ளிகள். சம்பளத்தைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்விக் கொள்கைகளின் நோக்கத்தோடும் எனக்குப் பெரிய சண்டை கிடையாது. வந்த திட்டங்களில் பாதிக்கு மேல் நல்ல எண்ணத்தோடு வந்தவைதான். என் வருத்தம் வேறு. ஒவ்வொரு திட்டமும் வகுப்புக்கு ஓர் ஆசிரியரும் ஓர் அறையும் உள்ள பள்ளியை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. நடைமுறைக்கு வருவதோ ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளியில். உங்கள் மகளின் பள்ளியும் அப்படிப்பட்டதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் இணைப்பு அட்டவணையைப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளில் மொத்தம் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு. 121 முதல் 200 வரை ஐந்து. முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்ற இந்தக் கணக்கு காகிதத்தில் தாராளமாகவே தெரியும். நகரத்துத் தனியார் பள்ளி ஒன்றில் ஒரே வகுப்பறையில் நாற்பது, நாற்பத்தைந்து பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள், "உங்களுக்கு ஆளுக்கு இருபத்தைந்து பேர்தானே" என்று எங்களைக் கேலி செய்வதும் உண்டு. ஆனால் சட்டம் தலைகளை எண்ணியதே தவிர வகுப்புகளை எண்ணவில்லை. ஐம்பது பிள்ளைகள் உள்ள பள்ளியிலும் வகுப்புகள் ஐந்து. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என நான்கு பாடங்கள். மூன்று முதல் ஐந்து வரை அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனியாகி ஐந்து பாடங்கள். மொத்தம் இருபத்துமூன்று பாடங்களை இரண்டு பேர் நடத்துகிறோம். அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர்.

இதை நிமிடமாக மாற்றினால் நிலைமை இன்னும் தெளிவாகும். தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 கற்பித்தல் மணி நேரம் என்று அதே அட்டவணை சொல்கிறது. அப்படியானால் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், அதாவது 240 நிமிடம். மூன்று வகுப்புகளை ஒருசேர வைத்திருக்கும் ஆசிரியர் அதைப் பங்கிட்டால் வகுப்புக்கு 80 நிமிடம் வரும். ஐந்து பாடத்துக்குப் பிரித்தால் ஒரு பாடத்துக்கு 16 நிமிடம். தலைமையாசிரியர் கூட்டத்துக்கோ கருவூலத்துக்கோ போன நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் கையில் வந்துவிடும். அன்றைக்கு ஐந்து பாடம் உள்ள வகுப்பில் ஒரு பாடத்துக்குப் பத்து நிமிடம்கூடத் தேறாது. மூன்றாம் வகுப்பில் இருக்கும் உங்கள் மகளுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் ஏன் வரவில்லை என்று கேட்கும்போது, இந்தப் பதினாறு நிமிடத்தையும் நினைவில் வையுங்கள். அதில் அவளுடைய நோட்டைத் திருத்தும் நேரமும் அடக்கம்.

மீதி நேரத்தில் பிள்ளைகள் தாமாகவே கற்க வேண்டும் என்ற எண்ணத்தில் வந்ததுதான் செயல்வழிக் கற்றல். இதைச் சற்று விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் என் பணிக்காலத்தில் நான் மனமார நம்பிய திட்டம் அதுதான். ஆந்திரத்தின் ரிஷி வேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறையிலிருந்து ஊக்கம் பெற்று, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதற்கும் அது வந்தது. பெஞ்சை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாயில் வட்டமாக உட்கார்ந்தோம். சுவரின் அடியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி கரும்பலகை, தட்டுகளில் வண்ண அட்டைகள், எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் கற்றல் ஏணி, பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல், அவர்களே குறித்துக்கொள்ளும் காலநிலை அட்டவணை, ஆரோக்கியச் சக்கரம். பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்திருக்கும் எங்களைப் போன்ற பள்ளிகளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டு வந்த பிள்ளை விட்ட அட்டையிலிருந்தே தொடங்கலாம். யாருக்காகவும் ஓட வேண்டாம்.

அதிலும் குறைகள் இருந்தன. அட்டைகள் கிழிந்தால் மறு அட்டை வர மாதக்கணக்காகும். ஏணியில் ஏறியதைப் பதிவேட்டில் காட்டுவதற்காக ஆசிரியர்கள் பிள்ளைகளை ஏற்றிவிட்டதும் உண்டு, நானும் செய்திருக்கிறேன். "பள்ளிக்கூடத்தில் பாடமே நடத்துவதில்லை, பிள்ளைகள் அட்டை விளையாடுகிறார்கள்" என்று ஊரில் பேச்சு கிளம்பியது. ஆனாலும் இவையெல்லாம் சரிசெய்யக்கூடிய குறைகள். சரிசெய்வதற்குள் 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் வைக்கும் தொகுத்தறித் தேர்வுக்கு 60 என்று மதிப்பெண் பட்டியல் எழுதத் தொடங்கினோம். பிறகு எளிமைப்படுத்தப்பட்ட செயல்வழிக் கற்றல் என்றார்கள். கொரோனாவுக்குப் பின் 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும். தட்டு ஸ்டாண்டுகள் துருப்பிடித்து, எங்கள் பள்ளியில் சத்துணவுக் கூடத்தின் பின்னால் வெகுநாள் கிடந்தன. செயல்வழிக் கற்றல் எங்கே வென்றது, எங்கே தோற்றது, ஏன் என்று அதை ஆண்டுக்கணக்கில் நடத்திய ஆசிரியரிடம் யாரும் வந்து கேட்கவில்லை. புதிய திட்டத்துக்கான பயிற்சியில் முதல் நாள் எங்களுக்குச் சொல்லப்பட்டது, "பழையதை மறந்துவிட்டு வாருங்கள்" என்பதுதான். அந்தப் பயிற்சியைக் கொடுத்த ஆசிரியர் பயிற்றுநரும் முன்பு அட்டைகளைப் புகழ்ந்து எங்களுக்கு வகுப்பெடுத்தவர்தான். மதிய உணவின்போது அவரே அதைச் சொல்லிச் சிரித்தார்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தைக் குறை சொல்லவே நான் எழுதவில்லை. கொரோனா காலத்தில் பள்ளிக்கூடத்தையே பார்க்காமல் நேராக இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தையும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்ற இலக்கு அவசியமானது. அரும்பு, மொட்டு, மலர் என்று வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிரித்ததும் சரி. எனக்கு வலிப்பது மதிப்பீடு செய்யும் விதம். ஒவ்வொரு பிள்ளையாக அழைத்து, என் கைப்பேசித் திரையில் வரும் வினாவைக் காட்டி, விடையைத் தட்டி, பதிவேற்ற வேண்டும். சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு அதை முடிக்க நினைத்தேன். மதியம் வரை ஒன்பது பேர்தான் முடிந்தது. செயலி நடுவில் நின்றது, வேப்பமரத்தடிக்குப் போனால்தான் சிக்னல் கிடைத்தது. மரத்தடியில் நான் ஒரு பிள்ளையோடு நின்றிருந்த நேரத்தில் அறைக்குள் மற்றவர்கள் என்ன கற்றார்கள் என்பதற்கு எந்தச் செயலியிலும் கட்டம் இல்லை. அந்தப் பிள்ளை அரும்பா மொட்டா என்பது எனக்கு அதற்கு மூன்று வாரம் முன்பே தெரியும். எனக்குத் தெரிந்ததை மேலே இருப்பவர்களுக்குத் தெரிவிக்க, அவனுக்குச் சொல்லித்தர வேண்டிய நேரத்தைச் செலவழித்தேன்.

வருகை, சீருடை அளவு, காலணி அளவு, வங்கிக் கணக்கு, ஆதார், நலத்திட்டப் பொருள் பெற்ற விவரம், கூட்டத்தின் புகைப்படம் என்று கேட்கப்படும் தகவல்கள் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை. அவசியமானவையும்கூட. சேர்த்துப் பார்த்தால் அது ஓர் எழுத்தரின் முழுநேர வேலை. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு இளநிலை உதவியாளர் பணியிடம் உண்டு. தொடக்கப் பள்ளிக்குக் கிடையாது.

இது தீர்க்க முடியாத சிக்கலும் அன்று; தமிழ்நாடு இதைவிடப் பெரிய ஒன்றைத் தீர்த்திருக்கிறது. 1982இல் சத்துணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டபோது அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று தனியே ஆட்களை நியமித்தார்கள். ஆசிரியர் உலை வைக்க வேண்டியிருக்கவில்லை. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் மகளிர் சுயஉதவிக் குழுவினர் சமைக்கிறார்கள். காலையில் சோர்ந்து விழும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், தாமதமாக வருவோரும் குறைந்துவிட்டார்கள். இதை நான் கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன். சோற்றுக்குத் தனியே ஆள் வேண்டும் என்று புரிந்துகொண்ட அரசுக்கு, புள்ளிவிவரத்துக்கும் தனியே ஆள் வேண்டும் என்பது ஏன் இன்னும் எட்டவில்லை என்பதுதான் எனக்கு விளங்காத இடம்.

அடுத்தது பிள்ளைகளின் எண்ணிக்கை. இதில் கொள்கையே எங்களுக்கு எதிராக நிற்பதுபோல் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(இ) பிரிவு, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. கட்டணத்தை அரசு திருப்பித் தரும். ஏழைப் பிள்ளையும் வசதியான பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்ற கொள்கையை நான் எப்படி மறுப்பேன்? ஆனால் தமிழ்நாட்டில் நுழைவு வகுப்பு என்பது பெரும்பாலும் எல்கேஜி. மூன்று வயது முடிந்த பிள்ளை அங்கே போய்விடுகிறது. எங்கள் பள்ளிக் கதவு திறப்பது ஐந்து வயதில். மூன்று வயதில் வேன் ஏறிய பிள்ளை ஐந்து வயதில் எதற்காக இறங்கி எங்களிடம் வரப்போகிறது? பிள்ளை குறைந்தால் அட்டவணைப்படி ஆசிரியர் பணியிடம் உபரியாகும். ஆசிரியர் குறைந்தால் "அங்கே ரெண்டு வாத்தியார்தான்" என்று மேலும் பிள்ளைகள் போவார்கள். எங்கள் பள்ளியில் 2008இல் நான்கு பேர் இருந்தோம். மூன்றாகி, 2015 முதல் இரண்டு பேர்.

இங்கே எங்கள் தரப்புத் தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கி, உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். அது தகுதிக் குறைப்பு என்று எதிர்த்தோம். சிலர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். மழலையர் கல்விக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்ற எங்கள் வாதம் உண்மைதான். ஆனாலும் அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்க நாங்கள் இன்னும் முயன்றிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. மழலையர் வகுப்பில்லாத தொடக்கப் பள்ளி, பஸ் போன பிறகு திறக்கும் டிக்கெட் கவுண்டர்.

பள்ளிக்கு வெளியே செய்யும் வேலைகளைப் பற்றி நீங்கள் அடிக்கடி கேள்விப்பட்டிருப்பீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர ஆசிரியரை வேறு பணிக்கு அனுப்பக் கூடாது என்று சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. வாக்காளர் பட்டியல் திருத்தப் பணியை விடுமுறை நாட்களிலும் கற்பித்தல் இல்லாத நேரத்திலும்தான் ஆசிரியர்களிடம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரிலேயே கூறிவிட்டது. 2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாகப் படிவத்தோடு வீடு வீடாக நடந்தவர்களில் ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் நிறையப் பேர். தேர்தல் பணியை நான் இழிவாக நினைக்கவில்லை. வாக்குச்சாவடியில் உட்கார்வது பெருமைதான். ஐந்து ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒருவர் போனால் நான்கு பேர் இருப்பார்கள், எங்கள் பள்ளியில் ஒருவர் போனால் பாதிப் பள்ளி போய்விடும் என்ற ஒன்றைத்தான் பட்டியல் போடுகிறவர்கள் பார்ப்பதில்லை.

"எட்டாம் வகுப்பு வரை எல்லாரையும் தேர்ச்சி போட்டுவிடுவதால்தான் இந்த நிலைமை" என்று பல பெற்றோர் சொல்கிறார்கள். என் சக ஆசிரியர்களிலும் பாதிப் பேர் அதையே சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. 2019இல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்திய பின், தமிழ்நாட்டில் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டு, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. பத்து வயதுப் பிள்ளையை நிறுத்தினால் அது அடுத்த ஆண்டும் அதே பதினாறு நிமிடத்துக்குள்தான் உட்காரப் போகிறது. நிறுத்தாமல் விட்டதன் கூடவே, பின்தங்கியவர்களுக்குத் தனி நேரமும் தனி ஆளும் தந்திருக்க வேண்டும். கொரோனாவுக்குப் பின் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்களை வைத்து மாலையில் நடத்திய இல்லம் தேடிக் கல்வி அந்தத் திசையில் வைத்த நல்ல அடி. எங்கள் ஊர்த் தன்னார்வலர் பி.எஸ்சி. முடித்த பெண்; அவர் கைதூக்கிவிட்ட ஆறு பிள்ளைகளை என்னால் பெயர் சொல்லிக் காட்ட முடியும்.

ஆசிரியர்களின் மனநிலை இப்போது ஏன் கூடுதலாகக் கசந்திருக்கிறது என்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, 2025 செப்டம்பர் 1இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள், கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே பணியில் சேர்ந்திருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்கிறது அது. நானும் அதில் அடக்கம். தேர்வெழுத எனக்கு அச்சமில்லை. பிள்ளைகளைத் தேர்வெழுதச் சொல்கிறவன் தானும் எழுதினால் குறைந்துவிட மாட்டான். ஆனால் 26 ஆண்டுகளுக்குப் பிறகு தகுதியைக் கேட்கும் அமைப்பு, தான் தர வேண்டிய ஆளையும் அறையையும் தந்தோமா என்று தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை. மற்றொன்று, மும்மொழியை வலியுறுத்தும் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கக் கோரும் மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததால் 2024-25க்கான 2,152 கோடி ரூபாய் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதியை மத்திய அரசு நிறுத்திவைத்தது. மும்மொழி உள்ளிட்ட விஷயங்களில் மாநிலத்தின் நிலைப்பாடு எனக்கும் உடன்பாடுதான்; ஆனால் இந்த இழுபறியின் நடுவில் நிற்பவை பள்ளிகள்.

இனி நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அந்தக் குழுவின் சட்டப்பூர்வப் பொறுப்பு. பெரும்பாலான ஊர்களில் அந்தத் திட்டத்தில் சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர்த் தொட்டி ஆகிய மூன்றுதான் இருக்கும், ஏனென்றால் அவை கண்ணுக்குத் தெரிகின்றன. அடுத்த கூட்டத்தில் நீங்கள் எழுந்து மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் ஐந்து ஆசிரியர் கேட்பது நடக்காது என்பது எனக்கும் தெரியும். நாற்பது, ஐம்பது பேர் உள்ள பள்ளிக்கு மூன்றாவது ஆள் கேட்பது நியாயம். சட்டத்தின் அட்டவணை குறைந்தபட்சத்தைத்தான் சொல்கிறது. அதற்குமேல் தரக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. கூடவே வளாகத்திலேயே மழலையர் வகுப்பும், நான்கைந்து பள்ளிகளுக்குப் பொதுவாக, பக்கத்துப் பள்ளிகளை ஒருங்கிணைக்கும் குறுவள மையத்தில் ஒரு பதிவேட்டு உதவியாளரும் கேளுங்கள். ஆசிரியர் கேட்டால் அது சங்கக் கோரிக்கை என்று ஓரம் கட்டப்படும். பெற்றோரின் கையெழுத்தோடு போகும் தீர்மானத்தை வட்டாரக் கல்வி அலுவலகம் அவ்வளவு எளிதாக ஓரம் கட்ட முடியாது. அதன் நகல் ஒன்றைக் கையெழுத்தும் தேதியும் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர் மாறுதலாகிப் போனாலும் அது உங்களிடம் இருக்கும்.